தியேட்டருக்குப் போகலாமா, ஓடிடி வரட்டுமா? படம் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதத்துக்கு இரண்டு மூன்று படம் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பற்றி யாரிடமாவது பேசினால்தான் தூக்கம் வரும் என்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். விமர்சகர்களுக்கு இல்லை, சினிமாவில் வேலை செய்கிறவர்களுக்கும் இல்லை. கடந்த சில வருடங்களில் நண்பர்களும் சொந்தக்காரர்களும் ஆபீஸில் கூட இருக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் என்னுடையவை.

புதுப் படம் நல்லா இருக்கா இல்லையான்னு யாரை நம்பிப் போவது?

உங்கள் ரசனை தெரிந்த இரண்டு பேரை நம்புங்கள். ஐந்துக்கு எத்தனை ஸ்டார் கொடுத்தார்கள் என்று பார்க்காதீர்கள், எதனால் பிடித்தது, எந்த இடத்தில் இழுத்தது என்று கேளுங்கள். 2024 செப்டம்பரில் வந்த மெய்யழகனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்காக ஊருக்குத் திரும்புகிற ஒருத்தர், பெயர்கூட நினைவில் இல்லாத ஒரு உறவுக்காரரோடு ராத்திரி முழுக்கப் பேசுகிறார், படத்தின் பெரும்பகுதி அதுதான். "ரெண்டு பேர் பேசிட்டே இருக்காங்க, ஒண்ணுமே நடக்கல" என்று ஒருத்தர் சொன்னார். "ரெண்டு பேர் பேசிட்டே இருக்காங்க, அழுதுட்டேன்" என்று இன்னொருத்தர் சொன்னார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அதைக் கேட்ட உடனே எனக்கு இந்தப் படம் ஒத்துவருமா என்று தெரிந்துவிட்டது. வெறும் "சூப்பர்", "மொக்கை" என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது. உங்களுக்கு நேர் எதிரான ரசனை உள்ள ஒரு நண்பர் கண்டிப்பாக இருப்பார். அவர் சொல்வதும் அதே அளவுக்குப் பயன்படும், விட்டுவிடாதீர்கள்.

முதல் காட்சி முடிவதற்குள் "பிளாக்பஸ்டர்", "டிசாஸ்டர்" என்று வருகிறதே, அதை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சம்கூட வேண்டாம். தமிழ்நாட்டில் முன்பு ராத்திரி 1 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் ரசிகர் காட்சிகள் இருந்தன. 2023 பொங்கலின்போது சென்னையில் ஒரு நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் இறந்துபோனார், அதற்குப் பிறகு அந்தக் காட்சிகள் நின்றன. இப்போது பெரிய படங்களுக்குச் சிறப்பு அனுமதி வாங்கினாலும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. பக்கத்து மாநிலத்தில் அப்படி இல்லை. 2023 அக்டோபரில் லியோ வந்தபோது கேரளாவில் விடியற்காலை 4 மணிக்கே ஓட்டினார்கள், இங்கே 4 மணிக் காட்சிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் நம் ஊரில் டைட்டில் கார்டு ஓடுவதற்கு முன்பே படத்தின் தலைவிதியை யாரோ எழுதி முடித்திருக்கிறார்கள். அதில் பாதி இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபடி எழுதியது.

முதல் நாள் மாலைக் காட்சி, நைட் ஷோ பார்த்தவர்கள் பேச ஆரம்பிக்கும் வரை பொறுங்கள். ரசிகர்கள் கொண்டாடி முடித்து, குடும்பமாக வருகிறவர்கள் பார்த்த பிறகு வருகிற பேச்சில் நிதானம் இருக்கும்.

தியேட்டர் வாசலில் மைக் நீட்டி விமர்சனம் எடுப்பதைத் தடை செய்ய வேண்டும் என்றார்களே, அது சரிதானா?

இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 2024 இல் இந்தியன் 2, வேட்டையன், கங்குவா என்று பெரிய படங்களுக்கு முதல் நாளே கடுமையான பேச்சு வந்தது. நவம்பரில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கத் தரப்பில் இருந்து தியேட்டர்காரர்களிடம் கேட்டார்கள். முதல் 3 நாட்களுக்கு விமர்சனமே வரக்கூடாது என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. டிசம்பரில் நீதிமன்றம் அப்படித் தடை போட மறுத்துவிட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துக்குள் வருகிற விஷயம், ஒட்டுமொத்தமாக வாயை மூடச் சொல்ல முடியாது.

தயாரிப்பாளர் பக்கத்து வலி புரியாமல் இல்லை. மைக் முன்னால் நிற்கிற சிலர் படத்தை விட்டுவிட்டு நடிகரைத் திட்டுகிறார்கள், குடும்பத்தை இழுக்கிறார்கள், கேமராவுக்காக ஆடுகிறார்கள். அது விமர்சனம் கிடையாது, அவதூறு. அதற்குச் சட்டம் தனியாக இருக்கிறது. வளாகத்துக்குள் கேமரா வேண்டாம் என்று தியேட்டர்காரர் சொன்னால் அதுவும் அவர் உரிமை.

ஆனால் 3 நாள் யாரும் பேசக்கூடாது என்றால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய ஹீரோ படத்துக்கு முதல் 3 நாள் முன்பதிவிலேயே நிறைந்துவிடும், நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த டிக்கெட் விற்றது விற்றதுதான். போஸ்டர்கூட நாலு தெருவில் ஒட்ட முடியாத சின்னப் படத்துக்கு, வெள்ளிக்கிழமை பார்த்தவர் சனிக்கிழமை பேசினால் மட்டும்தான் விளம்பரம். அந்த 3 நாள் மௌனம் பெரிய படத்துக்கு ஒரு கவசமாக இருக்கலாம், சின்னப் படத்தைக் கொன்றுவிடும். அதனால் பேசுவோம், நியாயமாகப் பேசுவோம்.

சின்னப் படம் நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டுப் போனால் ஷோவே இல்லையே, ஏன்?

நீங்கள் போன கிழமைதான் காரணம். வெள்ளி, சனி, ஞாயிறு ஓடும். ஞாயிறு ராத்திரி தியேட்டர்காரர் கணக்கைப் பார்ப்பார், கூட்டம் இல்லை என்றால் திங்கட்கிழமையே மாலைக் காட்சி போய் மதியக் காட்சி மட்டும் மிஞ்சும். வேலைக்குப் போகிறவர் மதியக் காட்சிக்கு எப்படிப் போவார்? அதனால் இன்னும் கூட்டம் குறையும், அடுத்த வியாழனோடு படம் முடிந்துவிடும். அடுத்த வெள்ளிக்கு மூன்று நாலு புதுப் படங்கள் காத்திருக்கும். இதில் தியேட்டர்காரரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம், கரண்ட் பில்லும் சம்பளமும் அவர்தானே கட்டுகிறார்.

பேச்சு சரியான நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2025 மே 1 அன்று சூர்யாவின் ரெட்ரோவோடு சேர்ந்து டூரிஸ்ட் ஃபேமிலி வந்தது. புது இயக்குநர், சசிகுமார், சிம்ரன், இலங்கையில் இருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் கதை. ஆரம்பத்தில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. பார்த்தவர்கள் அம்மா அப்பாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள், நாளாக ஆக ஷோக்கள் கூடின. 2024 செப்டம்பரில் லப்பர் பந்துவும் அப்படித்தான். ஊர் கிரிக்கெட், மாமனார் மருமகன் ஈகோ, அட்டகத்தி தினேஷ், ஹரிஷ் கல்யாண். டீக்கடைப் பேச்சிலேயே ஓடிய படம். மணிகண்டன் நடித்த குடும்பஸ்தன், 2025 ஜனவரியில் வந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் படத்துக்கும் இது நடப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2024 ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் வாழை, கொட்டுக்காளி இரண்டும் வந்தன. வாழைக்குக் கூட்டம் சேர்ந்தது, சந்தோஷம். கொட்டுக்காளி பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட படம், பின்னணி இசையே கிடையாது, ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும் ஆட்களின் மூச்சும்தான். எல்லோருக்கும் பிடிக்கிற படம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடிக்கக்கூடிய ஆட்கள் பலர் அது வந்ததே தெரியாமல் இருந்துவிட்டார்கள். அந்த ஒலியைத் தியேட்டரில் கேட்கிற வாய்ப்பு அவர்களுக்கு இனி எப்போது கிடைக்கும்?

ஆக, பெரிய ஹீரோ படத்தை இரண்டாவது வாரம்கூடப் பார்க்கலாம், எங்கும் போகாது. சின்னப் படம் என்றால் முதல் சனி ஞாயிறு போய்விடுங்கள், பிடித்திருந்தால் அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லுங்கள்.

"100 கோடி", "உலகமெங்கும் வசூல் சாதனை" போஸ்டர்களை நம்பலாமா?

தமிழ்நாட்டில் எத்தனை டிக்கெட் விற்றது என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி அதிகாரபூர்வமான ஒரே கணக்கு கிடையாது. போஸ்டரில் வருவது தயாரிப்பு நிறுவனம் சொல்வது, இணையத்தில் வருவது கணிப்பாளர்கள் சொல்வது, இரண்டும் ஒத்துப்போகாது.

அதோடு அந்த எண் பெரும்பாலும் கிராஸ், அதாவது நாம் கொடுத்த மொத்தப் பணம். மல்டிபிளெக்ஸுக்கு 2017 இல் அரசு வைத்த உச்சக் கட்டணம் 150 ரூபாய், வரி தனி. அதனால்தான் சென்னையில் டிக்கெட் 190 ரூபாயை ஒட்டி வந்து நின்றது. அந்தப் பணத்தில் ஜிஎஸ்டி, உள்ளாட்சி கேளிக்கை வரி போகும், மிச்சத்தில் தியேட்டர் பங்கு போகும், அப்புறம்தான் விநியோகஸ்தருக்கு வருகிற ஷேர். மதுரை - ராமநாதபுரம், திருச்சி - தஞ்சாவூர், கோவை, சேலம் என்று ஏரியா வாரியாகப் படத்தை வாங்கியிருப்பார்கள். மினிமம் கியாரண்டி, அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகையை ஒப்புக்கொண்டு வாங்கியவர் கொடுத்த பணத்தை எடுத்தாரா என்பதுதான் உண்மையான கேள்வி, அந்தக் கணக்கு போஸ்டரில் வராது. கிராஸ் 100 கோடி தாண்டியும் ஒரு படம் நஷ்டப்படலாம், 15 கோடி வசூலித்த படம் எல்லோருக்கும் லாபம் கொடுக்கலாம்.

பார்க்கிறவர்கள் இதற்காகச் சண்டை போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. படம் எப்படி இருந்தது என்று கேட்டால் வசூலைச் சொல்கிறார்கள்.

நாலே வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறதே, எதற்குத் தியேட்டர்?

நியாயமான கேள்வி. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் வந்துவிடுகின்றன. மகாராஜா 2024 ஜூன் 14 அன்று தியேட்டருக்கு வந்து ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கூலி 2025 ஆகஸ்ட் 14 அன்று வந்து செப்டம்பர் 11 அன்று பிரைமில் வந்தது. தியேட்டர்காரர்கள் 8 வாரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் இதில் கறாராக இருக்கின்றன, 8 வார இடைவெளி இல்லாததால்தான் லியோவின் இந்திப் பதிப்பு அங்கே முக்கியமான மல்டிபிளெக்ஸ்களில் ஓடவில்லை.

நாலு பேர் உள்ள குடும்பம் மல்டிபிளெக்ஸ் போனால் டிக்கெட், முன்பதிவுக் கட்டணம், பார்க்கிங், தின்பண்டம் எல்லாம் சேர்ந்து 1500 ரூபாய் சுலபமாகப் போய்விடும். அதைப் பார்த்து ஒருத்தர் "ஓடிடியில் பார்த்துக்கறேன்" என்றால் அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நான் எப்படி முடிவு செய்கிறேன் என்றால், கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்க வேண்டிய படம், ஒலிக்காக எடுத்த படம், இருட்டில் உட்கார்ந்து போனைத் தொடாமல் பார்த்தால்தான் உள்ளே இறங்குகிற நிதானமான படம், இந்த மூன்றுக்கும் தியேட்டர். மூன்றாவதைப் பலர் வீட்டுக்கு விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. சண்டைக் காட்சியை வீட்டில் பார்த்தாலும் கதை புரியும். மெதுவான படத்தை வீட்டில் போட்டால் பத்தாவது நிமிடம் கை போனுக்குப் போய்விடும்.

செலவு பிரச்சினை என்றால், உங்கள் ஊர் சிங்கிள் ஸ்கிரீனில் பாருங்கள். பல ஊர்களில் டிக்கெட் பாதி விலைதான்.

வரப்போகிற படத்தை டிரெய்லர் பார்த்து முடிவு செய்யலாமா?

டிரெய்லரில் ஒளிப்பதிவு, நடிகர்கள், எந்த மாதிரிக் கதை என்று தெரியும். திரைக்கதை தெரியாது, அதுதான் நம் பெரும்பாலான படங்களில் உதைக்கிற இடம். என்னைக் கேட்டால் டிரெய்லரைவிட இயக்குநரின் முந்தைய படத்தைப் பாருங்கள். அஸ்வத் மாரிமுத்து முதலில் ஓ மை கடவுளே எடுத்தவர் என்று தெரிந்திருந்தால் 2025 பிப்ரவரியில் டிராகனைச் சும்மா கல்லூரி ரகளைப் படம் என்று ஒதுக்கியிருக்க மாட்டீர்கள். முதல் பாடல் ஹிட் ஆனதை வைத்துப் படத்தை எடை போடவே வேண்டாம்.

ரிலீஸ் தேதியையும் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். விடாமுயற்சி 2025 பொங்கலுக்கு என்றார்கள், புத்தாண்டை ஒட்டித் தள்ளிப்போனதாக அறிவித்தார்கள், பிப்ரவரி 6 அன்று வந்தது. அந்தக் காலியிடத்தில் 2013 பொங்கலுக்கு வர வேண்டிய மதகஜராஜா 12 வருடம் கழித்து வந்து உட்கார்ந்து கூட்டத்தை அள்ளியது, மனசுவிட்டுச் சிரித்துவிட்டு வந்தோம். யாரும் எதிர்பார்த்த படம் அது இல்லை. தேதியை நம்பி ஊருக்குப் போகிற டிக்கெட் போடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

நான் பார்த்ததில் இருந்த சீன், நண்பர் பார்த்ததில் இல்லை என்கிறாரே?

இரண்டு பேரும் சரி. ரிலீஸ் ஆன பிறகு படத்தை வெட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. மெய்யழகனில் முதல் வாரத்திலேயே சுமார் 18 நிமிடம் குறைத்தார்கள். இந்தியன் 2, கங்குவா இரண்டிலும் சுமார் 12 நிமிடம் போனது. தெலுங்கில் புஷ்பா 2 படத்துக்கு எதிர்மாறாக 20 நிமிடம் சேர்த்து ஓட்டினார்கள்.

ஒரு ரசிகனாக எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. முதல் நாள் ஆசையோடு போனவருக்கு நீளமான படம், காத்திருந்தவருக்குச் சீரான படம் என்றால், முதலில் வந்தவருக்கு என்ன மரியாதை? வெட்ட வேண்டியதை எடிட்டிங் அறையிலேயே வெட்டிவிட்டு வாருங்கள். மெய்யழகன் விஷயத்தில் நீளமான வடிவத்தைப் பார்த்தவர்களில் பலருக்கு அதுதான் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சத்தம் தாங்க முடியவில்லை, வசனமே கேட்கவில்லை. படத்தின் தப்பா, தியேட்டரின் தப்பா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், அதனால்தான் கருத்து சொல்லும்போது எந்த மாதிரி அரங்கில் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். தியேட்டர் ஒலிக் கருவியில் 7 என்பது பொதுவாக நிர்ணயித்த அளவு, ஒலிக்கலவை செய்கிறவர்கள் அதை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். சத்தம் அதிகம் என்று புகார் வந்தால் தியேட்டர்காரர் 5 க்கு இறக்குவார், அப்போது இசை சரியாகி வசனம் அமுங்கிவிடும். இதற்குப் பயந்து படம் எடுக்கிறவர்கள் இன்னும் சத்தமாகக் கலக்கிறார்கள், தியேட்டர் இன்னும் இறக்குகிறது. இந்த இழுபறியில் மாட்டிக்கொள்வது நம் காது. கங்குவா வந்தபோது புகார் அதிகமாகி, ஒலி அளவை 2 புள்ளி குறைக்கச் சொல்லி தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் கேட்டார். ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் அந்தச் சத்தப் போட்டியைப் பற்றி வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

காது வலித்தால் இடைவேளையில் மேனேஜரிடம் போய்ச் சொல்லுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தாலும் அப்படியே, புரொஜெக்டர் விளக்கு பழசாகியிருக்கலாம். நாலு பேர் சேர்ந்து சொன்னால் பெரும்பாலும் கவனிப்பார்கள்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

சான்றிதழைப் பாருங்கள். 2024 கடைசியில் இருந்து யு/ஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7 வயது, 13 வயது, 16 வயது. அந்த வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைக் கூட்டிப் போவதா என்று பெற்றோர் முடிவு செய்யலாம். 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, பெற்றோர் கூட இருந்தாலும் இல்லை. கூலிக்கு 'ஏ' கிடைத்ததைக் கவனிக்காமல் ரஜினி படம்தானே என்று பிள்ளைகளோடு வந்து வாசலில் திரும்பிய குடும்பங்கள் நிறைய. முன்பதிவு செய்யும் பக்கத்திலேயே சான்றிதழ் போட்டிருக்கும்.

வெட்டு குத்து இப்போது யு/ஏ படங்களிலும் நிறைய வருகிறது. பார்த்துவிட்டு வந்தவர்கள் "பசங்களைக் கூட்டிட்டுப் போகலாம்", "வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் வீட்டில் குழந்தை உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கதையைச் சொல்லாமல் எப்படிக் கருத்து சொல்வது?

முதல் அரை மணி நேரத்தில் வருவதைச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். மகாராஜா மாதிரி முன்னும் பின்னுமாகக் கதை சொல்கிற படம் என்றால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். "ஒரு முடிதிருத்துபவர் தன் வீட்டு லட்சுமியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷன் போகிறார்" என்பதோடு நிறுத்தினால் போதும், கேட்கிறவர் தானாகக் கிளம்புவார். கௌரவ வேடத்தில் யார் வருகிறார் என்பதையும் சொல்லாதீர்கள். தியேட்டரில் போனைத் தூக்கி அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போடுவதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அடுத்தவர் காத்திருந்து அனுபவிக்க வேண்டிய ஒரு நிமிடத்தைப் பிடுங்குகிற வேலை அது.

இப்போது எல்லாப் படத்திலும் பழைய பாட்டை வைத்துக் கைதட்டு வாங்குகிறார்களே?

எனக்கு இரண்டு மனசு இருக்கிறது. 2024 இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் மலையாளப் படமாக இருந்தும் தமிழ்நாட்டில் அப்படி ஓடியதற்கு குணா படத்துப் பாட்டு ஒரு பெரிய காரணம். குகைக்குள் குழியில் விழுந்த நண்பனைத் தூக்கி வருகிற இடத்தில் அந்தப் பாட்டு வரும்போது, நண்பனுக்கும் நண்பனுக்கும் இடையே உள்ளதற்கு அந்த வரிகள் பொருந்திப் போய்விட்டன. கொடைக்கானல் குகை, அந்தக் குகைக்குப் பெயர் கொடுத்த படம், அதே படத்தின் பாட்டு, எல்லாம் ஒன்று சேர்ந்தது. லப்பர் பந்துவில் விஜயகாந்த் பாட்டு வருவதும் அப்படித்தான், தினேஷ் நடித்த அந்த ஆள் விஜயகாந்த் ரசிகர், அவர் மைதானத்துக்குள் இறங்கும்போது அது அவருடைய பாட்டு.

அந்த இரண்டும் ஜெயித்ததைப் பார்த்து, சம்பந்தமே இல்லாத சண்டைக் காட்சிகளுக்கு 80, 90 களின் பாட்டைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். குட் பேட் அக்லியில் இளையராஜா பாடல்களைப் பயன்படுத்தியது உயர் நீதிமன்றம் வரை போனது. உரிமை யாருக்கு என்பது சட்டம் தீர்க்கட்டும். பார்க்கிறவனாக நான் கேட்பது, அந்த இடத்தில் பாட்டை எடுத்துவிட்டால் காட்சி தனியாக நிற்குமா என்பதுதான். நிற்காது என்றால் நாம் கைதட்டியது முப்பது வருடத்துக்கு முந்தைய யாரோ ஒருவருடைய உழைப்புக்கு.

ரீ-ரிலீஸ் படத்துக்குப் போவது வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. 2024 ஏப்ரலில் புதுப் படங்கள் வறண்டு கிடந்தபோது 20 வருடப் பழைய கில்லி வந்து தியேட்டர்களுக்குச் சோறு போட்டது. அது முதலில் வந்தபோது பிறக்காத பிள்ளைகள் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். 4கே என்று போஸ்டரில் போட்டால் உண்மையிலேயே சுத்தமாக்கியிருக்கிறார்களா என்று முதலில் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

எல்லோரும் கொண்டாடுகிற படம் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியில் சொன்னால் திட்டுகிறார்கள். சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள். டிக்கெட் வாங்கினீர்கள், மூன்று மணி நேரம் உட்கார்ந்தீர்கள், சொல்ல உரிமை இருக்கிறது. ஒரு ஹீரோ படம் பிடிக்கவில்லை என்றால் உடனே இன்னொரு ஹீரோவின் ஆள் என்று முத்திரை குத்துவது இங்கே பெரிய வியாதி. சில பேர் இதற்குப் பயந்தே பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அதில் நல்ல ரசனை உள்ளவர்கள் அதிகம் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சொல்லும் விதத்தில் பாதிச் சண்டையைத் தவிர்க்கலாம். "குப்பை" என்றால் அதைக் கொண்டாடியவரையும் சேர்த்துக் குப்பை என்கிறீர்கள். "முதல் பாதி பிடித்தது, வில்லன் யார் என்று தெரிந்த பிறகு எனக்கு ஆர்வம் போய்விட்டது" என்று சொன்னால் ஒருத்தர் வந்து "எனக்கு அங்கேதான் சூடு பிடிச்சது" என்பார். அதுதான் பேச்சு. அதற்குப் பிறகும் கெட்ட வார்த்தையில் வந்தால் பிளாக் செய்துவிட்டு அடுத்த படத்துக்கு டிக்கெட் போடுங்கள். பெண்கள் கருத்து சொன்னால் வருகிற வசவு இன்னும் அசிங்கமாக இருக்கிறது. அங்கே சும்மா வேடிக்கை பார்க்காமல் நாம் குரல் கொடுக்க வேண்டும்.

எனக்கு எழுத வராது. நாலு வரியில் என்ன சொன்னால் மற்றவர்களுக்கு உபயோகம்?

இலக்கியம் வேண்டாம். எந்த ஊரில், எந்தக் காட்சி, கூட்டம் எப்படி, யாரோடு போனீர்கள். பிடித்த ஒரு இடம், பிடிக்காத ஒரு இடம். யாருக்குப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. "நைட் ஷோ, பாதி ஹால்தான், அம்மாவோடு போனேன், அம்மா இரண்டாம் பாதியில் தூங்கவே இல்லை" என்பது ஐந்துக்கு 3.25 என்பதைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. ஒளிப்பதிவு, எடிட்டிங் பற்றித் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரிந்த மாதிரி எழுத வேண்டியதில்லை.

ஆசையாக டிக்கெட் போட்டேன், ஆள் இல்லை என்று ஷோவை ரத்து செய்துவிட்டார்கள். என்ன செய்வது?

முன்பதிவு செய்த பணம் திரும்ப வந்துவிடும், ஆப் வழியாகப் போட்டிருந்தால் சில நாள் எடுக்கும். மனசு நொந்து விட்டுவிடாதீர்கள். அதே படம் பக்கத்து ஏரியாவில் எந்தத் தியேட்டரில் ஓடுகிறது என்று பாருங்கள். சிங்கிள் ஸ்கிரீன் என்றால் போன் போட்டே கேட்கலாம், "எத்தனை பேர் வந்தா ஓட்டுவீங்க?" என்று. ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஓட்டுகிறேன் என்று சொல்கிற மேனேஜர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் அந்த ஏழெட்டுப் பேர் பெரும்பாலும் கிடைப்பார்கள், சனிக்கிழமை மாலைக்குள் கேளுங்கள்.